கேட்காமல் அழிக்கும் ஷெல்

கேள்வி: லினக்ஸ் டெர்மினலில் ஒரே ஒரு '>' குறிதானுங்க போட்டேன். பழைய போர்வை ஸ்டாக் பட்டியல் போயே போச்சு! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?
- ஜவுளிக்கடைக் கணக்காளர், சென்னிமலை

பதில்: கேட்கச் சொல்லி வைத்திருந்தால் தடுத்தே இருக்கும்! டெர்மினலில் நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கிச் செய்வது ஷெல். 1989-இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளியிட்ட பாஷ் ஷெல், சொன்னதை மறுபேச்சில்லாமல் செய்யும் ரகம். அதன் குணம் தெரிய 'செட் -ஓ' என்று தட்டுங்கள். எது ஆன், எது ஆஃப் என்று ஜாதகமே வரும். அதில் பழைய ஃபைலைக் காக்கும் 'நோகிளாபர்' ஆஃபில் இருக்கும். 'செட் -ஓ நோகிளாபர்' கொடுத்துவிட்டால், ஏற்கெனவே உள்ள ஃபைல் மீது '>' எழுத மறுக்கும். தெரிந்தே அழிக்க '>|' போடலாம். தடையை நீக்க 'செட் +ஓ நோகிளாபர்'. ஆமாம், இங்கே மைனஸ் போட்டால் ஆன், பிளஸ் போட்டால் ஆஃப். கணக்காளருக்குத் தலை சுற்றத்தான் செய்யும்! இதே போல் 'ஷாப்ட்' என்று இன்னொரு பட்டியலும் உண்டு. அங்கே '-எஸ்' ஆன், '-யூ' ஆஃப்.

ஜன்னலை மூடினால் இந்த மாற்றமெல்லாம் மறந்துபோகும். நிலைக்க வேண்டுமானால் 'செட் -ஓ நோகிளாபர்' வரியை '.பாஷ்ஆர்சி' ஃபைலில் எழுதுங்கள். ஆனால் ஃபைலையே நீக்கும் 'ஆர்எம்' கட்டளையை நோகிளாபர் தடுக்காது. கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய ஊர் என்ற பெருமை உங்களுடையது. அதற்காகப் பேக்கப் எடுக்கும் வேலையை மட்டும் முருகன் தலையில் கட்டாதீர்கள்!