பாஸ்போர்ட் வேண்டாம், பஸ் போதும்

கேள்வி: பிரான்ஸில் கார்கசோன் மாதிரி, மதிலுக்குள் இருக்கும் பழைய ஊர் ஒன்றைப் பார்த்துவிட ஆசை. நடக்குமா?
– வாசகர், திட்டக்குடி

பதில்: தாராளமாக! தொழுதூர் போய், திருச்சி நெடுஞ்சாலையில் தெற்கே பஸ் பிடியுங்கள். ரஞ்சன்குடிக் கோட்டை வந்துவிடும். 17ஆம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் ஜாகிர்தார் கட்டியது. சுற்றிலும் அகழி, அரைவட்டக் கொத்தளங்கள், மூன்று அடுக்கு மதில். கீழே பேட்டை, உச்சியில் கோட்டைமேடு; இரண்டையும் இணைக்க ஒரு சுரங்கவழி. செதுக்கிய கற்களை அடுக்கிய நேர்த்தியைத் தொட்டுப் பார்க்க வேண்டும் சார்!

இன்னொன்று: 1751இல் பிரெஞ்சுக்காரர்களே இங்கே வந்தார்கள். ஆற்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் சந்தா சாகிப் பக்கம் நின்று, அவரது போட்டியாளர் முகமது அலி – ஆங்கிலேயர் படையோடு மோதினார்கள். அவர்களே தேடி வந்த கோட்டையை நாம் பார்க்காமல் விடலாமா? வெயில் ஏறுமுன் போங்கள். சுவரில் மட்டும் பெயர் கிறுக்காதீர்கள்.