பீப்பாய்க்குள் ஒரு மலை

கேள்வி (கவின்கலை மாணவி, கும்பகோணம்): இறுதியாண்டுக்கு ஒரே கருவில் பத்து டிஜிட்டல் ஓவியங்கள் கேட்கிறார்கள். 'இயற்கை' என்று எடுத்துக்கொள்ளட்டுமா?

பதில்: தாராளமாக. முடித்துக் கொடுக்க எத்தனை ஜென்மம் அவகாசம் என்று மட்டும் துறைத்தலைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (அவரேதான், விடவில்லை): சரி, எவ்வளவு சின்னதாக எடுப்பது?

பதில்: தெருமுனை இஸ்திரி வண்டி அளவுக்கு. சாயங்காலம் பெட்டியின் பக்கவாட்டு ஓட்டைகளில் கரித்தணல் சிவப்பாகத் தெரியுமே, அது ஒரு படம். பழைய பெட்ஷீட்டில் முடிச்சுப் போட்டு வந்திறங்கும் மூட்டை, எந்த வீட்டுத் துணி என்று முடிச்சைப் பார்த்தே சொல்லிவிடுகிற அம்மா. மூடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில். மழை வந்தால் வண்டிமேல் விழும் தார்பாய். பள்ளிச் சீருடையும் பட்டுவேட்டியும் அக்கம்பக்கமாகத் தொங்கும் கயிறு. பத்து போதாமல் போகும். அந்த வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரையுங்கள்; அடுத்த முறை போனால் டீயும் கிடைக்கலாம்.

கேள்வி (சேலம்): பத்திலும் ஒரே பொருள் என்றால் பார்ப்பவருக்கு அலுக்காதா?

பதில்: ஜப்பானியர் ஹொகுசாய் 1830களின் தொடக்கத்தில், எழுபது வயதில், ஃபூஜி மலையை வைத்து 'முப்பத்தாறு காட்சிகள்' என்று அச்சோவியத் தொடர் செய்தார். விற்ற வேகத்தில் மேலும் பத்து சேர்த்து 46 ஆக்கினார்கள். பெயரை மட்டும் மாற்றவில்லை. யாருக்கும் அலுக்கவில்லை, ஏனென்றால் மனிதர் மலையை நடுவில் நிறுத்தி போட்டோ பிடிக்கவில்லை. புகழ்பெற்ற அந்தப் பேரலைப் படத்தில் ஃபூஜி, அலைக்கு அடியில் சுண்டைக்காய். இன்னொன்றில் ஒரு தொழிலாளி அடியில்லாத பெரிய பீப்பாய்க்குள் குனிந்து இழைத்துக்கொண்டிருக்கிறார். பீப்பாயின் வட்டத்துக்குள், தூரத்தில், சின்ன முக்கோணமாக மலை. எல்லாப் படத்திலும் அது இருந்தாக வேண்டும், எங்கே எவ்வளவு என்பது ஓவியர் இஷ்டம். உங்கள் தொடருக்கும் அப்படி ஒரு விதி வையுங்கள். பத்திலும் தணலின் சிவப்பு எங்காவது ஓர் இடத்தில் வரும், வேறெதற்கும் சிவப்பு கிடையாது என்று வைத்தால் பாதித் தொடர் முடிந்த மாதிரி.

கேள்வி (திருநெல்வேலி): ஒவ்வொரு படமும் தனியாகப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. வரிசையாக வைத்தால் பத்துப் பேர் வரைந்தது போல் இருக்கிறதே?

பதில்: பத்து மூடில் வரைந்திருக்கிறீர்கள். முதல் படத்தைத் தொடும் முன்பே ஐந்தாறு நிறம், இரண்டே பிரஷ், ஒரே கேன்வாஸ் அளவு என்று முடிவு கட்டுங்கள். பத்தையும் தீப்பெட்டி அளவு தம்ப்நெயிலாக ஒரே பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மேலே கறுப்பு நிரப்பிய ஒரு லேயரை 'கலர்' மோடில் வைத்தால் எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும். எந்தப் படத்தில் வெளிச்சமும் நிழலும் குழம்பிக் கிடக்கின்றன என்று அப்போதே தெரியும். புதுசாக டவுன்லோடு செய்த 200 பிரஷ்களை அடுத்த செமஸ்டர் வரை மறந்துவிடுங்கள்.

கேள்வி (மதுரை): எத்தனை லேயர் வைக்கலாம்?

பதில்: பெயர் வைக்கப் பொறுமை இருக்கும்வரை. 'லேயர் 47 காப்பி 3' என்பது பெயர் அல்ல, வாக்குமூலம்.

கேள்வி (கோவை): திரையில் மின்னும் பச்சை, பிரிண்டில் கீரைத்தண்டு ஆகிவிடுகிறது. பிரிண்ட் போட்டவரைத் திட்டலாமா?

பதில்: பாவம், விட்டுவிடுங்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, காகிதம் மையால். அந்தப் பளீர்ப் பச்சைக்கு நான்கு மையில் வழியே கிடையாது. வரையும்போதே சிஎம்ஒய்கே முன்னோட்டத்தைத் தட்டிப் பாருங்கள். ஏ3 அளவு, 300 டிபிஐ என்றால் 3508க்கு 4961 பிக்ஸல். தொடக்கத்திலேயே அதை வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம் அளவில் வரைந்துவிட்டுக் கடைசி ராத்திரி இழுத்துப் பெரிதாக்கினால் தணல் சிவப்புச் சதுரங்களாகத்தான் வரும்.

கேள்வி (ஒரு தந்தை, ஈரோடு): மகள் நாள் முழுக்க ஐபேடில் கிறுக்குகிறாள். இதெல்லாம் ஓவியமா?

பதில்: இங்கிலாந்தின் டேவிட் ஹாக்னி 2011இல், எழுபத்து மூன்று வயதில், தன் யார்க்‌ஷயர் பகுதிச் சாலை ஒன்றில் வசந்தம் வருவதை ஐபேடில் தொடராக வரைந்தார். அவற்றில் 51 படங்கள் பெரிய அளவில் அச்சாகி, மறுவருஷம் லண்டன் ராயல் அகாடமி சுவரில் தொங்கின. அவருடைய அப்பா என்ன சொல்லியிருப்பார் என்று தெரியாது. நீங்கள் சார்ஜர் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி (விழுப்புரம்): ஐபேடுக்கு வழியில்லை. தொடர் செய்யவே முடியாதா?

பதில்: சென்னை ஓவியக் கல்லூரியில் படித்த கே.எம். ஆதிமூலம், 1969 காந்தி நூற்றாண்டையொட்டி காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். சார்ஜ் போட வேண்டிய எதுவும் அவரிடம் இல்லை. ஸ்கெட்சு நோட்டில் வரைந்து, போனில் படமெடுத்து, கல்லூரி லேபில் கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளில் நிறம் போடுங்கள்.

கேள்வி (சென்னை): நண்பன் ஏஐயிடம் சொல்லி ஒரே மதியத்தில் பத்தையும் முடித்துவிட்டான். நான் ஏமாளியா?

பதில்: ஜூரி அவனிடம் ஸ்கெட்சு நோட்டையும் லேயர் ஃபைலையும் கேட்கும்வரை காத்திருங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள், முகம் பார்க்க நன்றாக இருக்கும்.

கேள்வி (மறுபடியும் கும்பகோணம்): பத்தாவது முடிந்ததும் முதல் படம் கேவலமாகத் தெரிகிறது. என்ன செய்ய?

பதில்: பத்தாவதை வரைந்த கையோடு முதலாவதைத் திரும்ப வரையுங்கள். வேகத்தில் பதினொன்றாவதையும் போட்டுக் கொண்டுபோய்க் காட்டிவிடாதீர்கள்; அடுத்த வருஷ ஜூனியர்களுக்கு அதையே கணக்காக்கிவிடுவார்கள்.