குரோம்பேட்டையைக் கடற்கரைச் சுற்றுலாத் தலமாக அறிவிக்கக் கோரி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: மேலாண்மை இயக்குநர் அவர்கள், தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், வாலாஜா சாலை, சென்னை.

அனுப்புநர்: குரோம்பேட்டைவாசி ஒருவர், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலுக்கு மேற்கே.

பொருள்: விடுபட்ட கடற்கரைத் தலம் ஒன்றைப் பட்டியலில் சேர்த்தல் தொடர்பாக.

ஐயா,

சென்னைக்குத் தெற்கே உள்ள கடற்கரையைச் சுற்றிக்காட்டும் கையேடு எதைப் புரட்டினாலும் வரிசை மாறுவதில்லை. சோழமண்டலம் ஓவியர் கிராமம், தட்சிணசித்ரா, முட்டுக்காடு, கோவளம், முதலைப் பண்ணை, புலிக்குகை, கடைசியில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில். கிழக்குக் கடற்கரைச் சாலைக்குச் சமாந்தரமாக ஜி.எஸ்.டி. சாலையும் தெற்கே போகிறது என்பதும், அதில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று ஊர்கள் இருக்கின்றன என்பதும் அந்தக் கையேடுகளுக்கு எட்டாத செய்தி. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு மட்டும் விதிவிலக்கு. மனிதர்கள் வசிக்கும் பகுதிக்கு இல்லை. இதைப் புறக்கணிப்பு என்று குற்றஞ்சாட்ட இக்கடிதம் எழுதப்படவில்லை. ஓர் இடத்தைச் சுற்றுலாத் தலம் என்று ஒப்புக்கொள்ளத் தாங்கள் எந்த அளவுகோல்களைக் கையில் வைத்திருக்கிறீர்களோ, அதே அளவுகோல்களால் அளந்தால் குரோம்பேட்டை எப்போதோ தேறிவிட்டது என்று காட்டுவதே என் நோக்கம். அலுவலகத்தில் கோப்பு எங்கோ மாறிப் போயிருக்க வேண்டும்.

முதல் அளவுகோல் பழமை. மாமல்லபுரத்தின் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இன்று உள்ளே போக இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். நியாயந்தான், பல்லவர் காலத்துக் கல். ஆனால் எங்கள் பக்கத்துப் பல்லாவரத்தில் 1863 மே மாதம் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற புவியியலாளர் கையில் எடுத்த கற்கோடரி, பல்லவருக்கு மட்டுமல்ல, பயிர்த்தொழிலுக்கே மூத்தது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதல் சான்று என்று பாடப்புத்தகங்கள் சொல்வது அதைத்தான். கோடரி வேண்டாம், பல்லவர்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. பல்லாவரம் மலையில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரை, அவனுடைய பட்டப்பெயர்கள் பொறித்த கல்வெட்டோடு இருக்கிறது. மாமல்லன் அவனுடைய மகன். பிள்ளை பெயரைத் தாங்கிய ஊரில் சீட்டு வாங்க வரிசை நிற்கிறது; அப்பா குடைந்ததைப் பார்க்க எந்தச் சுற்றுலாப் பேருந்தும் நிற்பதில்லை. அந்தக் குடைவரை இப்போது தர்காவாக இருக்கிறது, மக்கள் வழிபடும் இடத்தைக் காட்சிப்பொருள் ஆக்க முடியாது என்று தாங்கள் மறுக்கலாம். சரியான மறுப்பு. ஆனால் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் கழித்தும் மனிதர் புழங்குகிற குடைவரையை, வேலியும் கட்டணமும் இல்லை என்பதற்காகத் தலம் அல்ல என்றால், தலத்தைத் தலமாக்குவது கல்லா, டிக்கெட் கவுண்டரா என்பதைக் கழகம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். இந்த மகேந்திரவர்மன்தான் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற பகடி நாடகத்தையும் எழுதினான் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறேன். இவ்வட்டாரத்தில் அதிகாரத்தைக் கிண்டல் செய்வது அதிகாரத்திலிருந்தே தொடங்கிய வழக்கம்.

அடுத்தது நீர். குரோம்பேட்டையில் கடல் ஏது என்று தங்கள் உதவியாளர் கோப்பின் ஓரத்தில் குறிப்பெழுதக்கூடும். நேர்கோட்டில் சுமார் 13 கிலோமீட்டரில் இருக்கிறது. கடற்கரைத் தலங்களில் கடலை என்ன செய்யலாம் என்று முதலில் பார்ப்போம். இறங்காதே, குளிக்காதே, ஆழம், அலை என்று பலகைகள் எச்சரிக்கின்றன. அவற்றை மதிக்காதவர்கள் மூழ்கிய செய்தி ஆண்டுதோறும் வருகிறது. ஆக, கடற்கரைச் சுற்றுலா என்பது இறங்கக் கூடாத நீரைக் கரையிலிருந்து பார்ப்பது. அந்த வகையில் நாங்கள் பணக்காரர்கள். தோல் ஆலைகளின் குரோமியக் கழிவு நிலத்தடிக்குள் இறங்கிய நாகல்கேணி இருக்கிறது. அங்கே குளிக்காதே என்று பலகை வைக்கத் தேவையே இல்லை. பல்லாவரம் பெரிய ஏரி இருக்கிறது. அதன் நடுவே துரைப்பாக்கம் போகும் ஆரச்சாலை ஓடுகிறது. மோசே கடலைப் பிளந்தது சில மணி நேரத்துக்கு. நம் சாலைப் பொறியாளர்கள் ஏரியைப் பிளந்தது நிரந்தரமாக. அதே சாலையில் கிழக்கே போனால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்றது. அங்கே பூநாரைகளும் பெருங்குடிக் குப்பைமேடும் ஒரே சட்டகத்துக்குள் விழும். வேறெந்தத் தலத்திலும் ஒரே படத்தில் இரண்டும் கிடைக்காது. படகுச் சவாரி இல்லையே என்பீர்கள். முட்டுக்காட்டில் காசு கொடுத்துப் படகேற வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, பக்கத்து முடிச்சூரில் படகு வீட்டு வாசலுக்கே வந்தது, கட்டணமில்லாமல். அதில் ஏறியவர்கள் யாரும் அதைச் சுற்றுலா என்று சொல்லவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஏரியின் வாயை அடைத்து மனை போட அனுமதித்தவர்கள் அதை வளர்ச்சி என்று சொன்னார்கள். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்கு அந்தச் சொல் பெயரிலேயே ஏற்கெனவே சொந்தம்.

மூன்றாவது, கூட்டம். உள்நாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகையில் தமிழ்நாடு பல ஆண்டுகள் நாட்டிலேயே முதலிடம் பிடித்தது. கோயிலுக்கு வந்தவர், கல்யாணத்துக்கு வந்தவர், பாறை முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கிளம்பியவர் என்று யார் யாரெல்லாம் இந்தக் கணக்கில் வருவார்கள் என்பதைக் கழகமே அறியும். வந்து நின்றாலே வருகை என்றால், குரோம்பேட்டைக்கு நிகர் கிடையாது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு, தென்மாவட்டம் போகிறவர்களில் பெரும்பகுதி எங்கள் ஊரைத் தாண்டித்தான் பேருந்தே ஏற வேண்டும். பொங்கலுக்கு முந்தைய இரவில் அவர்கள் எங்கள் மேம்பாலத்தடியில் தங்கும் நேரம், மாமல்லபுரத்தில் ‘கிருஷ்ணனின் வெண்ணெய்ப் பந்து’ பாறை முன்னால் ஒரு குடும்பம் நிற்கும் நேரத்தைவிட அதிகம். ஆன்மிகச் சுற்றுலா வேண்டுமா, திருநீர்மலை திவ்வியதேசம் பக்கத்திலேயே இருக்கிறது. மலையைச் சுற்றிய வெள்ளம் வடியும்வரை திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்தார் என்பது தலபுராணம். வடிகால் பணிகளின் வேகத்தைப் பார்த்தால் அதைப் புராணம் என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை.

இவ்வளவும் குதர்க்கம், அழகும் அமைதியும் உள்ள இடத்தைத்தான் மக்கள் தேடிப் போவார்கள் என்பது தங்கள் கடைசி மறுப்பாக இருக்கும். இதை நான் விளையாட்டாகத் தட்டிவிட மாட்டேன். கடற்கரைக் கோயிலை விடியலில் பார்த்த எவரும் அதை ஜி.எஸ்.டி. சாலையோடு ஒப்பிட மாட்டார். என் வழக்கு கோயிலோடு அல்ல, கோயிலைச் சுற்றித் தாங்கள் எதைக் கவனிக்கிறீர்கள், எதை விட்டுவிடுகிறீர்கள் என்பதோடு. ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து தாம்பரம் போய், அங்கிருந்து 515ஆம் எண் பேருந்தில் கேளம்பாக்கம், திருப்போரூர் சுற்றி மாமல்லபுரம் போகும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கிற பாட்டி, கைக்குழந்தை, தூக்குச்சட்டியில் புளிசாதம். அவர்களுக்கு வேண்டிய உள்ளூர்க் கையேட்டில் பல்லவர் வரலாறு கடைசிப் பக்கத்தில் வந்தால் போதும். முதல் பக்கத்தில் வர வேண்டியவை: சாப்பிட நிழல் எங்கே, குடிதண்ணீர் எங்கே, பெண்கள் நுழையக்கூடிய கழிப்பறை எங்கே, அது எத்தனை மணிக்குப் பூட்டப்படும், திரும்பக் கடைசிப் பேருந்து எப்போது. இவை நம்மால் முடியாத காரியங்களா? 2019 அக்டோபரில் சீன அதிபர் வருகிறார் என்றதும் மாமல்லபுரம் சில வாரங்களில் பளபளவென்று மாறியது. கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அந்தச் சான்றை வழங்கும் அமைப்பின் தலைமையகம் டென்மார்க்கில் இருக்கிறது. அவர்களுடைய 33 நிபந்தனைகளில் கழிப்பறை, குடிநீர், உயிர்காப்பாளர் எல்லாம் வருகின்றன. அதனால் அவையும் கோவளத்துக்கு வந்தன. மெச்சத்தக்க வேலை, மனதாரப் பாராட்டுகிறேன். ஆக, வெளியூர்க்காரர் கேட்டால் நமக்குச் செய்யத் தெரிகிறது. தாம்பரத்துக்காரர் கேட்டால் மட்டும் கோப்பு நகர்வதில்லை. அவர் பேருந்தில் வருகிறார், அறை எடுப்பதில்லை, சோற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார். வருகைக் கணக்கில் அவர் ஓர் எண், வருவாய்க் கணக்கில் பூஜ்ஜியம்.

எனவே தங்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. பழைய அளவுகோல்களே சரி என்றால் குரோம்பேட்டையைக் கடற்கரைச் சுற்றுலாத் தலமாக உடனே அறிவித்து, மேம்பாலத்தடியில் ‘ஐ லவ் குரோம்பேட்டை’ என்று ஒளிரும் எழுத்துகளை நட்டு, நுழைவுக் கட்டணத்தையும் நிர்ணயிக்க வேண்டுகிறேன். அவை சரியல்ல என்றால், முட்டுக்காடு முதல் மாமல்லபுரம் வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் கழிப்பறையும் குடிநீரும் கடைசிப் பேருந்தின் நேரம் எழுதிய பலகையும் வைத்த பிறகே அடுத்த வண்ணக் கையேட்டை அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குரோம்பேட்டைவாசி

நகல்: நீலக்கொடிச் சான்று வழங்கும் அமைப்பு, கோபன்ஹேகன், டென்மார்க் – தக்க மேல்நடவடிக்கைக்காக.