ஆண்டவர் பெயரில் வீடு, கம்பெனி பெயரில் கடன்

பெறுநர்: முதியோர் குடியிருப்புக் கட்டப்போவதாக அறிவித்துவிட்டு, செலவு கூடிப்போனது என்று கைவிடும் அமெரிக்கத் திருச்சபை வாரியங்கள்.



ரத்து அறிவிப்பை இவ்வளவு பக்தியாக எழுத வாரியத்தை விட்டால் ஆள் கிடையாது. முதல் பத்தியில் ஜெபம். அடுத்ததில் நீண்ட ஆலோசனை. அதற்கடுத்து கட்டுமானச் செலவு, வட்டி, ஆள் பற்றாக்குறை. கடைசி வரியில், முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற சுபச் செய்தி. திட்டம் தொடங்கியபோது அது தேவசித்தம். நின்றபோது சந்தை நிலவரம்.

சொன்ன காரணங்கள் பொய்யல்ல. 2021 மே மாதத்தில் அமெரிக்கச் சந்தையில் ஆயிரம் போர்டு அடி மரம் 1,600 டாலரைத் தாண்டியது. 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்த ஃபெடரல் ரிசர்வ் வட்டி, 2023 ஜூலையில் 5.25–5.5 சதவீதத்தில் போய் நின்றது. கடன் பத்திரம் விற்றுக் கட்ட நினைக்கும் எவருக்கும் இது இடுப்பொடிக்கும் செலவுதான். ஆனாலும், கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்கும் கதை லூக்கா 14-ஆம் அதிகாரத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. வாரியம் ஏனோ கட்டணம் வாங்கும் ஆலோசகர்களிடம்தான் போனது.

கட்டடம் எழும்பும் முன்பே விற்பனை அலுவலகம் எழும்பிவிடும். கண்ணாடிப் பெட்டிக்குள் மாதிரிக் கட்டடம், விரல் உயரத்துக்குப் பச்சை மரங்கள், சமையல் மேடைக்கு எந்தக் கல் வேண்டும் என்று தொட்டுப்பார்க்க நான்கைந்து துண்டுகள். கடன் கொடுப்பவர்கள் பொதுவாக 70 சதவீத வீடுகளுக்காவது முன்பதிவைக் காட்டச் சொல்வார்கள். முன்பதிவென்றால் நுழைவுக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு. தசமபாகம் கொடுத்துப் பழகிய கைகளுக்கு அது பெரிய சங்கடமில்லை. பணம் எஸ்க்ரோ எனும் மூன்றாம் தரப்புக் கணக்கில் பத்திரமாக இருக்கும். 78 வயதில் கல் தேர்ந்தெடுத்தவர் 82 ஆவதைத் தடுக்கத்தான் எந்த எஸ்க்ரோவும் இல்லை. ஆயுள் பராமரிப்பு ஒப்பந்தம் தரும் இல்லங்களில் உடல்நலச் சோதனையில் தேறினால்தான் இடம். காத்திருந்த காலத்தில் இடுப்பெலும்பு முறிந்தவரோ, ஞாபகம் தப்பத் தொடங்கியவரோ, திரும்பி வந்த காசோலையோடு அடுத்த இல்லத்தின் கதவைத் தட்டினால் கதவு திறக்கும் என்று சொல்வதற்கில்லை.

இருந்தாலும் வாரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். கணக்கு உதைத்த பிறகும் நடத்திக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு முன்மாதிரி உண்டு. மெதடிஸ்ட் சார்புள்ள பசிபிக் ஹோம்ஸ் என்ற நிறுவனம் கலிஃபோர்னியா, அரிசோனா, ஹவாய் மாநிலங்களில் ஓய்வு இல்லங்கள் நடத்தியது. சேரும்போது ஒரு பெருந்தொகை, அதன்பின் ஆயுள் உள்ளவரை பராமரிப்பு. முதியவர்களோ கணக்கர் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வாழ்ந்தார்கள். (தீர்க்காயுசுக்காக ஜெபிக்கிற சபையே அதை எதிர்பார்க்கவில்லை!) விலைவாசி ஏறியது. புதிதாக வந்தவர் கட்டிய பணத்தில் பழையவருக்குச் சோறு போட்டார்கள். 1977-இல் நிறுவனம் திவால் மனு போட்டது.

சபையின் பெயரை நம்பிச் சேர்ந்தவர்கள் சபை மீதே வழக்குத் தொடுத்தார்கள். அங்கே யுனைடெட் மெதடிஸ்ட் சபை வைத்த வாதம் அபாரமானது: சபை என்பது வழக்குப் போடப்படக்கூடிய அமைப்பே அல்லவாம், ஓர் ஆன்மிகக் கூட்டுறவு மட்டும்தானாம். காணிக்கை வாங்கும்போது உடம்போடு இருந்த சபை, சம்மன் வந்ததும் ஆவியாகிவிட்டது. கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் 1979-இல் இதை ஏற்க மறுத்தது. 1980-இல் சுமார் 2.1 கோடி டாலரில் வழக்கு சமரசமானது.

அந்த அனுபவம் வீண்போகவில்லை. இல்லத்துக்குத் தனி நிறுவனம், தனிக் கணக்கு, தனி வாரியம் என்று இப்போது வேலி பலமாகிவிட்டது. வேலி போடுவதில் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை உண்டியல் பணம் கட்டட ஒப்பந்ததாரருக்குப் போகக் கூடாதுதான். சங்கடம் என்னவென்றால், விளம்பரப் புத்தகத்தில் சிலுவை முன் அட்டையில் இருக்கிறது. இந்தக் கடனுக்குச் சபை பொறுப்பல்ல என்ற வாசகமோ கடன் பத்திர ஆவணத்தில் எங்கோ உள்ளே, பொடி எழுத்தில்.

அடுத்த திட்டத்தை அறிவிக்கும்போது வாரியம் ஒரே ஒரு உபகாரம் செய்யலாம். அந்த வாசகத்தை முன் அட்டைக்குக் கொண்டுவந்து, சிலுவைக்குக் கீழே, சபைப் பெயரின் அளவிலேயே அச்சடிக்கலாம். அதைப் படித்த பிறகும் 70 சதவீத வீடுகளுக்குக் கையெழுத்து விழுந்தால், மரத்தின் விலையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.