டேப்பு ஒட்டின மஞ்சள் விளக்கு

வாய்யா பேராண்டி. வண்டியை அந்த வேப்பமரத்து நிழல்ல விடு. என்ஜினை அணைச்சிராத, கொஞ்சம் ஓடட்டும். ஆமா, மீட்டர் போர்டுல அது என்ன கறுப்பா ஒட்டியிருக்கு, அட்டைப்பூச்சியா? ஓகோ, இன்சுலேசன் டேப்பு! என்ஜின் கோளாறைச் சொல்லுற மஞ்சள் விளக்கு கண்ணை உறுத்துதுன்னு ஒட்டிட்டியாக்கும். படிச்ச பிள்ளை படிச்ச பிள்ளைதான். போன ஐப்பசியில ஒங்க ஆச்சிக்குக் காய்ச்சல் வந்தப்ப இந்த ரோசனை எனக்குத் தோணாமப் போச்சே. தெர்மாமீட்டர்ல ரெண்டு சுத்து சுத்தியிருந்தா ஆசுபத்திரிச் செலவு மிச்சம்.

சிரிக்காத. அஞ்சு குதிரை ஆயில் என்ஜினை இருபது வருசம் கிணத்து மேட்டுல கட்டி மாரடிச்சவன் நான். அதுல விளக்கும் கிடையாது, மீட்டரும் கிடையாது. புகை கறுத்தா ஒரு சீக்கு, வெளுத்தா ஒரு சீக்கு, நாமதான் மோந்து பாத்துக் கண்டுபிடிக்கணும். ஒன் வண்டி பாவம், என்ன நோவுன்னு தானே வாயைத் திறந்து சொல்லுது. நீ அது வாயில டேப்பு ஒட்டுத.

2014 மாடல்தான? அப்ப சரி. பிஎஸ்-4 காருக்கெல்லாம் 2013 ஏப்ரல்ல இருந்து வண்டி தன் கோளாறைத் தானே சொல்லுற ஓபிடி-2 கட்டாயம். அமெரிக்காக்காரன் 1996 மாடல்லயே கொண்டாந்துட்டான். ஸ்டியரிங்குக்குக் கீழ குனிஞ்சு பாரு, பதினாறு பின் சாக்கெட்டு ஒண்ணு இருக்கும். அதுலதான ஒர்க்‌ஷாப்புக்காரரு மிசினைச் சொருகிப் பாத்தாரு? என்ன வந்துச்சி? பி-0171னு ஒரு கோளாறுக் கோடு. உடனே ஆக்சிஜன் சென்சாரை மாத்தினாரு, ப்ளக்கு நாலையும் மாத்தினாரு, கோடை அழிச்சிக் கையில குடுத்தாரு. நாலாம் நாள் விளக்கு திரும்ப வந்துட்டு. அதான?

பி-0171 என்ன சொல்லுது தெரியுமா? கலவை காஞ்சி கிடக்கு, காத்து கூட, பெட்ரோல் குறைச்சல். அம்புட்டுதான். சென்சாரை மாத்துன்னு அதுல எந்த எழுத்துல போட்டிருக்கு? படப்புல தீப்பிடிச்சிருக்குன்னு ஓடியாந்து சொன்னவனை வேலையை விட்டுத் தூக்கிட்டு, சம்பளம் கூடக் குடுத்துப் புது ஆள் வச்சிருக்கீக. புது ஆளும் நாலு நாள் சுத்தி வந்து பாத்துட்டு, ஐயா, படப்புல தீன்னுதான் சொல்லுதான். அவனையும் தூக்கிரலாமா?

இன்னொண்ணு கேளு. அந்தக் கோடு விழுந்த நிமிசத்துல வண்டி என்ன வேகத்துல போச்சி, என்ஜின் எம்புட்டுச் சூடு, எத்தனை ஆர்பிஎம், எல்லாத்தையும் கம்ப்யூட்டர் ஒரு படம் பிடிச்சி வச்சிருக்கும். கோடை அழிச்சா அதுவும் சேந்து போயிரும். பஞ்சாயத்து கூடுறதுக்கு முன்னாடியே சாட்சியைப் பஸ் ஏத்தி அனுப்பிட்டீக.

ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து, எடைக் கணக்குல. ஆச்சி உலைக்குத் தண்ணி வைக்கிற மாதிரி ஒரு கணக்கு. ஒன் வண்டியில ஏர் ஃபில்டரைத் தாண்டினதும் ஒரு கணக்கப்பிள்ளை உக்காந்து உள்ள போற காத்தை அளக்காரு. அவரு சொன்ன அளவுக்குத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோல் ஊத்தும். அவரைத் தாண்டி, கொல்லைப்புறமா, ஒரு ஓட்டை வழியா காத்து பூந்தா அவருக்கு எப்படித் தெரியும்? சைலன்சர் குழாயில உக்காந்திருக்கிற ஆக்சிஜன் சென்சாருக்குத்தான் தெரியும். அது கத்தும். கத்துனவனைத்தான் நீங்க மாத்திட்டீக.

ஆன்லைன்ல வாங்கின புளூடூத் டப்பா ஒண்ணு வச்சிருக்கியே, விளையாட்டுச் சாமான்னு நினைச்சேன். அதைச் சொருகு. போன்ல ஃபியூல் ட்ரிம்னு ரெண்டு எண்ணு வரும், ஷார்ட்டு ஒண்ணு, லாங்கு ஒண்ணு. கூட்டிச் சொல்லு. கூட்டல் தெரியும்ல? இருபத்திநாலா. ஆக, வழக்கத்தை விட நூத்துக்கு இருபத்திநாலு பங்கு பெட்ரோலைக் கூட ஊத்தி உன் வண்டி சமாளிக்கு. பத்தைத் தாண்டினாலே நான் சந்தேகப்படுவேன். இப்ப ஆக்சிலேட்டரை மிதிச்சி 2500 ஆர்பிஎம்ல நிறுத்து. எம்புட்டு? ஆறா?

பிடிபட்டுட்டான் கள்ளன். சும்மா நிக்கையில கூடுது, முறுக்கினா குறையுது. அப்படின்னா காத்துதான் ஒழுகுது. ஐடில்ல உள்ள போற காத்தே கொஞ்சம், அதுல களவுக் காத்து பெருசாத் தெரியும். முறுக்கினா நல்ல காத்து ஆறாப் பாயுது, ஓட்டைக் காத்து அதுல கரைஞ்சிரும். இதுவே முறுக்க முறுக்க எண்ணு ஏறிச்சின்னு வையி, பெட்ரோல் பம்பு, ஃபில்டர் பக்கம் போகணும். ரெண்டு நிமிசச் சோலி. இதுக்கு ஒரு சென்சார், நாலு ப்ளக்கு!

போயி ஆச்சி துளசிக்குத் தண்ணி ஊத்துற ஓஸை எடுத்தா, அவ பாக்கதுக்குள்ள. ஒரு நுனியைக் காதுல வையி. மறு நுனியை என்ஜின் மேல மெதுவா நகட்டு. ஏய், அங்கிட்டு இல்ல, ஃபேன் பெல்ட்டு இருக்கு, கையைக் குடுத்துராத. பின்னால போ. இன்னும் கீழ. கேக்கா? சாரைப்பாம்பு சீறுற மாதிரி? இன்டேக்குக்குப் பின்னாடி வளைஞ்சி போகுதே பிசிவி ஓஸ், அதோட அடிவயித்துல விரலை வச்சித் தடவு. சித்திரை மாசக் கரிசக்காடு மாதிரி வெடிச்சிருக்கும். பத்து வருசச் சூட்டுல ரப்பர் பின்ன என்னாகும்? கட்டை விரலால அழுத்து. பாத்தியா, திக்குதிக்குன்னு அடிச்சிட்டிருந்த என்ஜின் பால்குடிச்ச பிள்ளையா ஆயிட்டு.

விளக்கு உடனே அணையலைன்னு எனக்குப் போன் போடாத. கோளாறு இல்லாம மூணு ஓட்டம் ஒழுங்கா ஓடினா தானே அணையும். ஆனா ஒரு சங்கதி: அது நின்னு எரியாம விட்டு விட்டு மினுக்கினா மட்டும் தாத்தா மாதிரி வாயடிச்சிட்டு நிக்காத. சிலிண்டர்ல பெட்ரோல் எரியாம அப்படியே வெளிய போகுதுன்னு அர்த்தம். கேட்டலிடிக் கன்வர்டர் வெந்துரும், அதுக்குள்ள இருக்கது பிளாட்டினமும் பல்லேடியமும். ஒன் கல்யாணத்துக்குச் சேத்த காசு பூரா அதுக்குத்தான் போகும். மிதிக்காம ஓரங்கட்டிரு.

புது ஓஸ் கோவில்பட்டியில கிடைக்கும், இந்தத் துண்டை மாதிரிக்குக் கொண்டுபோ. அதுவரைக்கும் என்னத்தைச் சுத்திட்டுப் போறதுன்னு முழிக்கியா? மீட்டர் போர்டுல ஒட்டி வச்சிருக்கியே, அந்த டேப்பை உரிச்சி எடுத்தா.