வலிக்காதுடா கண்ணு

புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் ஐந்து வயது டிபிடி பூஸ்டருக்கு ஒரு குழந்தையோடு மூன்று பெரியவர்கள் வருவார்கள். நர்ஸம்மா பஞ்சை எடுக்கும்வரை குழந்தை பாட்டுக்குச் செருப்பின் வெல்க்ரோவைப் பிய்த்து ஒட்டிக்கொண்டிருக்கும். “வலிக்காதுடா கண்ணு” என்று அம்மா குரல் நடுங்கச் சொன்னதும்தான் ஏதோ விபரீதம் என்று அதற்கு உறைக்கும். “அழுதா இன்னொரு ஊசி போடச் சொல்லுவேன்” என்பார் அப்பா. பாட்டி முன்கூட்டியே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளின் எலும்பு மஜ்ஜை, முதுகுத் தண்டுவட நீர்ச் சோதனைகளைக் கவனித்து, அமெரிக்காவில் ரொனால்ட் பிளவுண்ட் குழு 1989-இல் எழுதியது: பெரியவர்களின் சமாதானமும் மன்னிப்பும் குழந்தையின் அழுகையோடு சேர்ந்து வருகின்றன, வேடிக்கையும் வேறு பேச்சும் சமாளிக்கக் கைகொடுக்கின்றன.

ஆகவே தடுப்பூசி அட்டவணையில் பெரியவர்களுக்கும் வாய்ப்பூட்டு மருந்து ஒரு டோஸ் சேர்க்கலாம். பூஸ்டர், அப்பாவுக்கு.