புல்லுக்கு எத்தனை கிராம்?

கேள்வி: வீட்டுக்கு முன்னால் ஒரு சென்ட் புல்தரை. யூரியா, அம்மோனியம் சல்பேட், கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் என்று கடைக்காரர் மூன்றைக் காட்டுகிறார். எதை வாங்க?
(புதுவீட்டுக்காரர், வேளச்சேரி)

பதில்: முதலில் எத்தனை கிராம் என்று கேளுங்கள். புல்லுக்கு ஒரு தடவைக்குச் சதுர மீட்டருக்கு 5 கிராம் தழைச்சத்து என்பது பரவலான கணக்கு. ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர், ஆக 200 கிராம் தழைச்சத்து வேண்டும். யூரியாவில் 46 சதவீதம் இருப்பதால் 440 கிராம் போதும். கால்சியம் அம்மோனியம் நைட்ரேட்டில் 25 சதவீதம், எனவே 800 கிராம். அம்மோனியம் சல்பேட் 20.5 சதவீதம்தான், ஒரு கிலோ பிடிக்கும். ஈரமில்லாத மணலில் கலந்து, பாதியைக் கிழமேலாகவும் மீதியைத் தென்வடலாகவும் தூவுங்கள். ஒரே நடையில் தூவினால் ஒரு வாரத்தில் தரை வரிக்குதிரை ஆகிவிடும். மூன்றில் எது என்பது உங்கள் மண்ணைப் பொறுத்தது. கீழே ஊட்டிக்காரர் வருகிறார், அவரிடம் சொல்கிறேன்.

கேள்வி: திங்கட்கிழமை யூரியா தூவினேன். தண்ணீர் லாரி வியாழன்தான் வந்தது. பலன் இருக்குமா?
(குடியிருப்போர் சங்கச் செயலாளர், தாம்பரம்)

பதில்: காற்றுக்குக் கொஞ்சம் உரம் போட்டிருக்கிறீர்கள். புல்லிலும் அடியில் கிடக்கும் சருகு மெத்தையிலும் யூரியேஸ் என்ற நொதி தாராளமாக உண்டு. அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். மேலாகக் கிடந்தால், அதுவும் வெயிலில், அம்மோனியா பறந்துவிடும். தூவிய கையோடு ஒரு சென்டிமீட்டர் நீர் இறங்க வேண்டும், அதாவது சென்டுக்கு 400 லிட்டர். அடுத்த முறை லாரி தெருமுனையில் திரும்பிய பிறகு மூட்டையைப் பிரியுங்கள்.

கேள்வி: வேப்பெண்ணெய் பூசிய யூரியாதானே, அதுவுமா பறக்கும்?
(அதே செயலாளர்)

பதில்: பறக்கும். 2015 முதல் இந்தியாவில் வேளாண் யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. ஆனால் வேம்பு தடுப்பது அடுத்த கட்டத்தை. அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை அது மெத்தனப்படுத்தும். மண்ணுக்குள் போன சரக்கு மழையில் அடித்துக்கொண்டு போகாமல் காக்கும். மண்ணுக்குள்ளேயே போகாத சரக்குக்கு அது என்ன செய்யும், பாவம்.

கேள்வி: எங்கள் நாய் போகும் இடத்தில் நடுவில் புல் கருகி, சுற்றிலும் கரும்பச்சை வட்டம். ஏன் இந்த ஓரவஞ்சனை?
(நாய்க்குச் சொந்தக்காரர், கோவை)

பதில்: அதுவும் யூரியாதான். நடுவில் அளவு கூடிக் கருகியது, ஓரத்தில் அளவு சரியாக அமைந்து கொழித்தது. மேலே நான் போட்ட கிராம் கணக்கை உங்கள் நாய் வரைந்தே காட்டிவிட்டது. 1828-ல் ஜெர்மன் வேதியியலர் வோலர், சிறுநீரகத்தின் உதவியே இல்லாமல் யூரியா செய்து உலகை வியக்க வைத்தார். நாய்க்கு அந்தச் சிரமம் இல்லை. போன உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள்.

கேள்வி: மாதந்தோறும் அம்மோனியம் சல்பேட் போட்டும் புல்தரை மெலிந்துகொண்டே போகிறது.
(விடுதி மேலாளர், ஊட்டி)

பதில்: போட்டதால்தான். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற பண்ணையில் 1856-ல் லாஸ், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு புல்வெளியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்தார்கள். சில பாத்திகளுக்கு அம்மோனியம் சல்பேட், சிலவற்றுக்குச் சோடியம் நைட்ரேட், சிலவற்றுக்கு ஒன்றுமே இல்லை. சோதனை இன்றும் நடக்கிறது. சுண்ணாம்பு காட்டாமல் அம்மோனியம் சல்பேட்டையே நிறையத் தின்ற பாத்திகளில் மண்ணின் கார அமிலக் குறியீடு 4-க்கும் கீழே போய், தாக்குப்பிடித்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்களே. சோடியம் நைட்ரேட் பாத்திகளில் இந்தக் கதி இல்லை. ஒன்றும் போடாத பாத்திகளிலோ பத்துக் கணக்கில் செடி இனங்கள்! தழைச்சத்து இரண்டிலும் உண்டு, மண்ணில் ஏறும் புளிப்புதான் வேறு. நீலகிரி மண் பிறப்பிலேயே புளிப்பு. அதில் நீங்கள் மாதாமாதம் புளி கரைத்து ஊற்றுகிறீர்கள். சுண்ணாம்புக்கல் கலந்து வரும் கால்சியம் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு மாறுங்கள். அந்த அம்மோனியம் சல்பேட் மூட்டையைச் சமவெளியில் சுண்ணாம்பு மண் வைத்திருக்கும் உறவினருக்கு அனுப்பிவிடுங்கள், அங்கே அது நல்ல பிள்ளை.

கேள்வி: யூரியா போட்டும் புல் மஞ்சளாகவே இருக்கிறது. இன்னும் போடலாமா?
(கரிசல்காட்டு ஆசிரியர், கோவில்பட்டி)

பதில்: குனிந்து பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துப் பசி. இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புப் பசி. அதற்கு யூரியா அல்ல, அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசலைத் தெளிக்க வேண்டும். சிமெண்ட் தரையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருக்கறை பிடித்தால் வீட்டில் உங்களுக்குத்தான் அர்ச்சனை.

கேள்வி: ரசாயனமே கூடாது, இயற்கை உரம்தான் என்கிறார் மருமகள்.
(மாமியார், தஞ்சாவூர்)

பதில்: மருமகளுக்கு ஒரு மதிப்பெண். ஆனால் வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து 5 சதவீத அளவுதான், சென்டுக்கு 4 கிலோ வேண்டும். நுண்ணுயிர் அதை உடைத்துக் கொடுக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். மெதுவாக இறங்குவதால் கருகாது என்பது பெரிய லாபம். அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் 1926 முதல், கழிவுநீரைத் தின்று கொழுத்த நுண்ணுயிர்களை உலர்த்தி ‘மில்லார்கனைட்’ என்ற பெயரில் கோல்ஃப் மைதானங்களுக்கே விற்றுவருகிறது. கடைசியில் வேர் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதே அம்மோனியமும் நைட்ரேட்டும்தான். புல்லுக்கு மூட்டையின் ஜாதகம் தெரியாது.

கேள்வி: பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்லும் கோல்ஃப் மைதானப் புல்லும் உறவா?
(பக்தர், பிள்ளையார்பட்டி)

பதில்: நெருங்கிய உறவு. உலகம் முழுக்க விளையாட்டுத் திடல்களில் விரிந்திருக்கும் பெர்முடா புல் நம்ம அருகுதான். பல மைதானங்களில் இருப்பது அதையும் அதன் ஆப்பிரிக்கப் பங்காளியையும் ஒட்டுச்சேர்த்த கலப்பினம். வித்தியாசம், அங்கே மாதாமாதம் படையல் போட ஆள் உண்டு.

கேள்வி: எதிர்வீட்டுக்காரர் உரமே வாங்குவதில்லை. ஆனாலும் அவர் தரைதான் பச்சை. இக்கரைக்கு அக்கரையா?
(பொறாமைக்காரர், திருச்சி)

பதில்: இல்லை, உண்மையாகவே பச்சை. வெட்டிய புல்லை அவர் தரையிலேயே விடுகிறார், புல்லுக்கு வேண்டிய தழைச்சத்தில் கால்வாசி வரை அதிலேயே திரும்பிவிடும். நீங்கள் ஞாயிறுதோறும் அதைச் சாக்கில் கட்டி, மாநகராட்சி வண்டிக்கு யூரியா தானம் செய்கிறீர்கள்.